பௌர்ணமிக்குக் காத்திருக்க வேண்டாம்: வீட்டுத் தொலைநோக்கியில் நிலவையும் இரவு வானையும் படமெடுக்கும் முறை

தொலைநோக்கி வாங்கியவர்களில் பலர் தங்கள் முதல் படத்தைப் பௌர்ணமி இரவுக்கென்று ஒதுக்கி வைக்கிறார்கள். படமெடுப்பவரின் நோக்கில் பார்த்தால், மாதத்திலேயே பயன் குறைந்த இரவு அதுதான். அன்று சூரியன் நம் முதுகுப்புறத்திலிருந்து நிலவின் முகத்தில் நேராக ஒளி வீசுவதால், மலைகளுக்கும் கிண்ணக்குழிகளுக்கும் நிழல் விழுவதில்லை; நிழல் இல்லாதபோது உயரமும் ஆழமும் தெரிவதில்லை; முழு வட்டமும் வெளுத்துத் தட்டையாகவே பதிவாகிறது. பிறை நாட்களிலோ, நிலவின் பகலும் இரவும் சந்திக்கும் எல்லைக்கோட்டில் அப்போதுதான் சூரியன் உதித்துக்கொண்டிருக்கும். அங்கே சில நூறு மீட்டர் உயரமுள்ள மேடும் பல கிலோமீட்டர் நீளத்துக்கு நிழலை நீட்டும். நல்ல நிலவுப் படம் என்பது பெரும்பாலும் அந்த எல்லைக்கோட்டை ஒட்டிய குறுகிய பட்டையின் படமே.

எந்த நாளில் எது தெரியும் என்பதை அறியத் தனிச் செயலி தேவையில்லை; சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் திதி இருக்கிறது. வளர்பிறைப் பஞ்சமி, சஷ்டி நாட்களில் தியோஃபிலஸ், சிரில்லஸ், கேத்தரீனா என்ற மூன்று பெரிய கிண்ணக்குழிகள் வரிசையாக எல்லைக்கோட்டில் நிற்கும். இவற்றுள் தியோஃபிலஸ் ஏறக்குறைய 100 கி.மீ. விட்டமுடையது, அதன் நடுச் சிகரம் தனியே ஒளிரும். அஷ்டமியன்று டாலமேயஸ், அல்ஃபோன்சஸ், அர்சாக்கேல் என்ற இன்னொரு மூவர் வரிசையும், மழைக் கடல் என்ற கரிய சமவெளியின் கரையாக வளையும் அபெனைன் மலைத்தொடரும் காட்சி தரும். அம்மலைத்தொடரின் உயர்ந்த சிகரம் 5 கி.மீ.க்கும் மேல். அஷ்டமிக்கும் நவமிக்கும் இடையே ‘நேர்ச்சுவர்’ எனப்படும், ஏறத்தாழ 110 கி.மீ. நீளமுள்ள பிளவுச் சரிவு ஒரு கருங்கோடாகத் தோன்றும். நவமி, தசமியில் கோப்பர்நிக்கஸ் கிண்ணக்குழி. தசமி, ஏகாதசியில் வானவில் விரிகுடா. முதல் முயற்சிக்கு அஷ்டமியையே பரிந்துரைப்பேன்: மாலையில் இருட்டும்போதே நிலவு உயரத்தில் இருக்கும், எல்லைக்கோடு வட்டத்தின் நடுவே நேராக ஓடும், காட்சிக்குப் பஞ்சமே இராது. பௌர்ணமிக்கும் ஒரு பயன் உண்டு என்பதை மறுக்கவில்லை. டைக்கோ கிண்ணக்குழியிலிருந்து நாலாபுறமும் சிதறியோடும் வெண்கதிர்கள் அன்றுதான் முழுமையாகத் தெரியும்.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை வடகிழக்குப் பருவமழை எடுத்துக்கொள்கிறது. அதற்கு ஈடாக மாசியும் பங்குனியும் நமக்குக் கிடைத்த வரம் எனலாம். அப்போது வானம் பெரும்பாலும் தெளிந்திருப்பதோடு, வளர்பிறை அஷ்டமி நிலவு வான்பாதையின் வடகோடியில் இருப்பதால், சூரியன் மறையும் நேரத்தில் சென்னையிலிருந்து பார்ப்பவருக்கு ஏறக்குறைய தலை உச்சியில் நிற்கும். உச்சியில் இருக்கும் பொருளின் ஒளி, காற்று மண்டலத்தின் மிகக் குறைந்த தடிமனைக் கடந்து வருகிறது. ஐரோப்பாவில் இருப்பவர்கள் ஏங்கும் உயரம் அது. ஆனால் இதில் ஒரு சிறு சங்கடமும் உண்டு: தரையில் வைக்கும் சுழல்பெட்டியில் கையால் திருப்பும் டாப்சோனியன் வகைத் தொலைநோக்கியை நேர் உச்சியை நோக்கி நிமிர்த்திவிட்டால், பக்கவாட்டில் நகர்த்திப் பொருளைப் பின்தொடர்வது மிகவும் கடினம். ஒன்றரை மணி நேரம் பொறுத்து, நிலவு மேற்கே சற்றுச் சாய்ந்தபின் தொடங்கினால் இந்தத் தொல்லை நீங்கும்.

இடமும் ஆயத்தமும்

நிலவையும் கோள்களையும் படமெடுக்க ஊரை விட்டு வெளியேற வேண்டியதில்லை. அவை போதிய ஒளியுடையவை என்பதால் நகர வெளிச்சம் அவற்றைப் பாதிப்பதில்லை; தியாகராய நகர் மொட்டை மாடியிலிருந்தும் நல்ல படம் எடுக்கலாம். கெடுப்பது வெளிச்சமன்று, வெப்பம். பகலெல்லாம் வெயிலை உறிஞ்சிய கான்கிரீட் தளம் முன்னிரவு முழுவதும் அந்த வெப்பத்தை வெளிவிடுகிறது. மேலெழும் வெப்பக்காற்று, நடுப்பகல் தார்ச்சாலையின் மேல் காட்சி நெளிவதைப் போலவே நிலவின் விளிம்பையும் நெளியச் செய்கிறது. புல் தரையோ மண் தரையோ உள்ள முற்றம் இருந்தால் மாடியைவிட அதுவே மேல். மாடிதான் வழி என்றால், மாலையில் தளத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்குமேல் தொடங்குவது நல்லது. பக்கத்து வீட்டு ஏ.சி.யின் வெளிப்புறக் கருவி வெப்பக்காற்றை வீசும் திசைக்கு மேலாக நோக்குவதையும் தவிர்க்க வேண்டும்.

தொலைநோக்கியையும் காற்றின் வெப்பநிலைக்கு வரவிட வேண்டும். படமெடுப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே அதை வெளியே வைத்துவிடுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து நேராகக் கடற்கரை ஊரின் ஈரக்காற்றுக்குக் கொண்டு வந்தால் கண்ணாடியில் உடனே நீர் படியும். அதைத் துணியால் துடைக்கக் கூடாது, தானே உலர விட வேண்டும். மார்கழிப் பனியில் முகப்பு லென்ஸ் நனையாமலிருக்க, கறுப்பு ஃபோம் தாளைக் குழாயின் முகப்பைச் சுற்றி ஒரு முழ நீளத்துக்கு நீட்டிக் கட்டினால் போதும்.

எந்தத் தொலைநோக்கி என்ற கேள்விக்கு, கையில் இருப்பதே என்பதுதான் விடை. 70 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கியும் நிலவுக்குப் போதும். இந்தக் கட்டுரையில் எடுத்துக்காட்டாக, பலரிடமும் உள்ள 114 மி.மீ. விட்டமும் 900 மி.மீ. குவியத் தூரமும் (ஆடியிலிருந்து உருவம் தெளிவாக விழும் இடம்வரையுள்ள தூரம்) கொண்ட ஆடித் தொலைநோக்கியை வைத்துக்கொள்கிறேன். குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தால் அதன் எஃப் எண் 8 என்று வரும். ஆடித் தொலைநோக்கியானால் இரு ஆடிகளும் ஓர் அச்சில் இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் காலிமேஷன் வேலையை மாலையிலேயே முடித்துவிட வேண்டும். பொருளைக் குறிபார்க்க உதவும் ஃபைண்டர் என்ற சிறு நோக்கியையும் பகலிலேயே, தொலைவிலுள்ள கைப்பேசிக் கோபுரம் ஒன்றை நோக்கி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். அப்படிச் செய்யும்போது சூரியன் இருக்கும் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பவே கூடாது. முகப்பில் பொருத்தும் உரிய சூரிய வடிகட்டி இல்லாமல் சூரியனைப் பார்த்தால் கண் நொடியில் நிரந்தரமாகப் போய்விடும். கேமராவில் ஒளியைப் பதியும் உணரியும் எரிந்துவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் பகலில் கருவியை மூடாமல் விட்டுவைக்கவும் கூடாது.

கைப்பேசியை ஐபீஸில் பொருத்துதல்

கண்ணால் பார்க்கும் ஐபீஸின் மேல் கைப்பேசியின் லென்ஸை வைத்துப் படமெடுப்பதே எளிய தொடக்கம். கையால் பிடித்து எடுத்தாலும் ஒன்றிரண்டு படங்கள் தேறும். ஆனால் கைப்பேசியை ஐபீஸோடு இறுக்கிப் பிடிக்கும் அடாப்டர் ஒன்றுக்குச் செலவிடும் பணம், விலையுயர்ந்த ஐபீஸுக்குச் செலவிடுவதைவிட அதிகப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் 25 மி.மீ. போன்ற குறைந்த உருப்பெருக்க ஐபீஸைப் பயன்படுத்துங்கள். 900 மி.மீ. குவியத் தூரத்துக்கு அது 36 மடங்கு உருப்பெருக்கம் தரும். நிலவு முழுவதும் எல்லைக்குள் அடங்கும். அடாப்டரில் கைப்பேசியைப் பொருத்தும் வேலையை அறை விளக்கின் கீழேயே செய்து, லென்ஸின் மையமும் ஐபீஸின் மையமும் நேர்கோட்டில் வருமாறு திருகுகளை முடுக்கிக்கொள்ள வேண்டும். இப்போதைய கைப்பேசிகளில் இரண்டு மூன்று லென்ஸ்கள் இருப்பதால், முதன்மை லென்ஸ் எது என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். திரையில் அதிகம் பெரிதாக்கினால் கைப்பேசி தானாகவே வேறு லென்ஸுக்கு மாறிவிடும். அப்போது திரை சட்டென்று இருண்டுபோவதைக் கண்டு பலர் அடாப்டரைக் குறை சொல்வதுண்டு. பின்னர் வெறும் கண்ணால் நிலவைக் குவியப்படுத்திவிட்டு, அடாப்டரை மாட்டி, திரையில் பார்த்தபடி மீண்டும் நுணுக்கமாகச் சரிசெய்ய வேண்டும். கைப்பேசியின் எடை தொலைநோக்கியின் முனையைத் தாழ்த்தும். மறுமுனையில் ஒரு சிறு மணல் பையைக் கட்டிச் சமன்செய்துகொள்ளலாம்.

கேமராவைத் தானியங்கி முறையில் விட்டால், கருத்த வானத்தைக் கண்டு அது வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நிலவு வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். திரையில் நிலவின் மேல் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, வெளிச்ச அளவைக் கீழே இழுங்கள். திரையில் சற்று இருண்டு தோன்றுவதே சரியான அளவாக இருக்கும். ‘புரோ’ முறை உள்ள கைப்பேசியில், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை 50 அல்லது 100 என்று வைத்து, ஷட்டர் வேகத்தை 1/250 நொடி முதல் 1/1000 நொடி வரை மாற்றி மாற்றி எடுத்துப் பார்க்கலாம். காட்சியை அடையாளம் கண்டு ‘அழகுபடுத்தும்’ செயற்கை நுண்ணறிவு வசதியை அணைத்துவிடுவது நல்லது. சில கைப்பேசிகள், நிலவென்று கண்டுகொண்டால் தங்களிடம் உள்ள பயிற்சிப் படங்களைக் கொண்டு விவரங்களைத் தாமே சேர்க்கின்றன. அப்படி வரும் படம் உங்கள் தொலைநோக்கி பார்த்தது அன்று.

விரலால் திரையைத் தொட்டுப் படமெடுத்தால் கருவி அதிரும். 3 நொடி டைமரையோ ப்ளூடூத் பொத்தானையோ பயன்படுத்துங்கள். தொலைநோக்கிக்கு மோட்டார் இல்லை என்றால், நிலவைச் சட்டகத்தின் ஒரு விளிம்பில் நிறுத்திக் கையை எடுத்துவிட்டு, அதிர்வு அடங்கும்வரை பொறுத்து, அது நடுவே நகர்ந்து வரும்போது படமெடுக்க வேண்டும். பூமியின் சுழற்சியால் நிலவு தன் விட்டத்தின் அளவுக்கு நகர ஏறக்குறைய இரண்டு நிமிடங்கள் ஆகும். எனவே அவசரப்படத் தேவையில்லை. குவியத் திருகைத் தொடும்போது ஏற்படும் அதிர்வைக் குறைக்க, அதில் ஒரு துணிக் கிளிப்பை மாட்டி, அதன் வாலைப் பிடித்து மெல்லத் திருப்பும் வழக்கம் இத்துறையில் உண்டு. செலவில்லாத, நன்கு பயன்படும் உத்தி அது.

கேமராவை நேரடியாக இணைத்தல்

டி.எஸ்.எல்.ஆர். அல்லது ஆடியில்லாக் கேமரா இருந்தால், அதன் லென்ஸைக் கழற்றிவிட்டு, டி-வளையம் எனப்படும் இணைப்பின் மூலம் ஐபீஸ் இருக்குமிடத்தில் நேரடியாகப் பொருத்தலாம். அப்போது தொலைநோக்கியே கேமராவின் லென்ஸாகிவிடுகிறது. நிலவின் உருவம் எவ்வளவு பெரிதாக விழும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: குவியத் தூரத்தை 110 ஆல் வகுத்தால் போதும். 900 மி.மீ. தொலைநோக்கியில் ஏறத்தாழ 8 மி.மீ., 1200 மி.மீ. தொலைநோக்கியில் 11 மி.மீ. ஏபிஎஸ்-சி வகை உணரியின் உயரம் ஏறக்குறைய 15 மி.மீ. என்பதால் இரண்டுமே இடம் விட்டு அடங்கும்.

விலை குறைந்த ஆடித் தொலைநோக்கிகளில் ஒரு சிக்கல் எழுவது வழக்கம். குவியத் திருகை முழுவதும் உள்ளே தள்ளிய பின்னும் படம் தெளிவடையாது. இன்னும் சில சென்டிமீட்டர் உள்ளே போக முடிந்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். கருவி பழுதாகவில்லை, அது கண்ணால் பார்ப்பதற்காக வடிவமைக்கப்பட்டிருப்பதால் குவியம் கேமராவின் உணரியை எட்டுவதில்லை, அவ்வளவுதான். குழாயை அறுக்கவோ முதன்மை ஆடியை முன்னே நகர்த்தவோ முயல்வதற்கு முன், கேமராவுக்கும் திருகுக்கும் இடையே குவியத் தூரத்தை இரட்டிப்பாக்கும் 2 மடங்கு பார்லோ லென்ஸ் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். அது குவியத்தை வெளியே தள்ளிக்கொடுக்கும். ஆனால் குவியத் தூரம் 1800 மி.மீ. ஆகிவிடுவதால் நிலவின் உருவம் 16 மி.மீ. அளவுக்கு வளர்ந்து சட்டகத்தை மீறும். பகுதி பகுதியாக எடுத்துப் பின்னர் ஒட்ட வேண்டியிருக்கும்.

வெளிச்ச அளவைக் கணிக்கப் பழைய விதி ஒன்று உண்டு: முழு நிலவுக்கு எஃப் 11 என்றால், ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழ், அதாவது ஐ.எஸ்.ஓ. 100க்கு 1/100 நொடி. இதை எஃப் 8 தொலைநோக்கிக்கு மாற்றினால் ஏறக்குறைய 1/200 நொடி வரும். அரை நிலவு முழு நிலவில் பாதி ஒளியுடையது என்று எண்ணிவிடக் கூடாது. சாய்ந்து விழும் ஒளியாலும் நிழல்களாலும் அதன் மொத்த ஒளி பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். எனவே அஷ்டமி நிலவுக்கு அதே அமைப்பில் 1/50 நொடியும், மெல்லிய பிறைக்கு 1/25 நொடியும் தேவைப்படும். இவை தொடக்கப் புள்ளிகளே. இறுதித் தீர்ப்பை, கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமிடம் விட்டுவிடுங்கள். அதன் வலது விளிம்பில் வரைபடம் முட்டிக்கொண்டு நின்றால் பிரகாசமான பகுதிகளின் விவரம் தொலைந்துவிட்டது என்று பொருள். கோப்பு வடிவம், உணரி பதிந்ததை மாற்றாமல் சேமிக்கும் ‘ரா’ ஆக இருக்கட்டும். டி.எஸ்.எல்.ஆரின் உள்ளாடி மேலெழும் அதிர்வே படத்தைக் கலைக்கப் போதும் என்பதால், நேரடித் திரைக்காட்சி முறையில் வைத்து, 2 நொடி டைமரோடு எடுப்பது நல்லது. அதே திரைக்காட்சியை 10 மடங்கு பெரிதாக்கி, எல்லைக்கோட்டிலுள்ள ஒரு கிண்ணக்குழியின் விளிம்பைப் பார்த்துக் குவியத்தைச் சரிசெய்யலாம்.

காற்றை வெல்லும் வழி

இதுவரை சொன்னவற்றையெல்லாம் பிழையறச் செய்தாலும், ஒரே ஒரு படம் எடுத்தால் அது பெரும்பாலும் மங்கலாகவே வரும். 114 மி.மீ. தொலைநோக்கி பிரித்துக் காட்டக்கூடிய மிகச்சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு ஆர்க்செகண்ட், அதாவது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு. நிலவின் தொலைவில் அது 2 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆனால் காற்றின் கலக்கம் வழக்கமான இரவில் அதைப்போல் இரு மடங்கோ அதற்கும் மேலோ படத்தைக் கலைத்துவிடுகிறது. இந்தக் கலக்கம் ஒரே சீராக இருப்பதில்லை என்பதுதான் நமக்கு வாய்ப்பு. நொடியின் சிறு பகுதியளவில் காற்று அமைதியடையும் தருணங்கள் அவ்வப்போது வரும். அந்தத் தருணம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாததால், ஆயிரக்கணக்கில் எடுத்து, அவற்றுள் தெளிந்தவற்றை மட்டும் பொறுக்கிக்கொள்கிறோம். இதற்குக் காணொளியே ஏற்றது.

கைப்பேசியிலோ கேமராவிலோ நொடிக்கு 30 அல்லது 60 சட்டகம் வீதம் ஒன்று முதல் இரண்டு நிமிடக் காணொளி எடுத்தால், இரண்டாயிரம் முதல் ஏழாயிரம் வரை சட்டகங்கள் கிடைக்கும். வெளிச்சமும் குவியமும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். ஷட்டர் வேகம் இயன்றவரை விரைவாக இருக்க வேண்டும். கைப்பேசி காணொளியைச் சுருக்கிச் சேமிப்பதால் சிறிது விவரம் இழக்கப்படும் என்பது உண்மை. இத்துறையில் ஆர்வம் ஊன்றியபின், ஐபீஸ் துளையில் பொருந்தி கணினியோடு யு.எஸ்.பி. வழியே இணையும் கோள்படக் கேமரா ஒன்றை வாங்கலாம். ஃபயர்கேப்சர், ஷார்ப்கேப் போன்ற மென்பொருள்களால் அதிலிருந்து சுருக்கப்படாத காணொளியைப் பதியலாம். முதல் சில மாதங்களுக்கு அது தேவையில்லை.

அடுத்தது அடுக்கும் வேலை. கைப்பேசிக் காணொளியை முதலில் ‘பிப்’ என்ற மென்பொருளில் கொடுத்து, நிலவு நடுவில் நிற்குமாறு சீராக்கி, சுருக்கப்படாத ஏ.வி.ஐ. கோப்பாக மாற்றிக்கொள்ள வேண்டும். பின்னர் அதை ஆட்டோஸ்டாக்கர்ட்டில் திறந்தால், அது ஒவ்வொரு சட்டகத்தின் தெளிவையும் அளந்து, தெளிவானது முதல் மங்கலானது வரை வரிசைப்படுத்திக் காட்டும். படத்தின் மேல் சீரமைப்புப் புள்ளிகளைப் பரப்பி, எத்தனை விழுக்காடு சட்டகங்களை அடுக்குவது என்று சொல்ல வேண்டும். காற்று அமைதியாக இருந்த இரவில் 25 விழுக்காடும், கலங்கிய இரவில் 10 விழுக்காடோ அதற்கும் குறைவோ எடுக்கலாம். அதிகச் சட்டகம் சேர்த்தால் படத்தின் புள்ளியிரைச்சல் குறையும், ஆனால் மங்கலானவையும் உள்ளே நுழையும். இரண்டு மூன்று விழுக்காடுகளில் அடுக்கி ஒப்பிட்டுப் பார்ப்பதே நேர்மையான வழி.

அடுக்கி முடித்த படம் முதலில் ஏமாற்றம் தரும். மென்மையாக, பனி மூடியதுபோல் இருக்கும். அதற்குள் விவரம் புதைந்திருக்கிறது. அதை வெளிக்கொணர்வது ரெஜிஸ்டாக்ஸில் உள்ள வேவ்லெட் என்ற கூர்மையாக்கும் வசதி. இந்த மூன்று மென்பொருள்களும் விண்டோஸ் கணினியில் இலவசமாகக் கிடைப்பவை. வேவ்லெட் அடுக்குகளின் நகர்த்திகளை மெல்ல மெல்ல வலப்பக்கம் தள்ளும்போது கிண்ணக்குழிகள் ஒவ்வொன்றாகக் கூர்மை பெறும் காட்சி மயக்கக்கூடியது, அங்கேதான் பெரும்பாலான படங்கள் கெடுகின்றன. நிலவின் விளிம்பைச் சுற்றி வெள்ளைக்கோடும் அதன் வெளியே கரிய வளையமும் தோன்றினால், சிறு கிண்ணக்குழிகளின் விளிம்பு இரட்டையாகத் தெரிந்தால், எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். பாதி தூரம் பின்வாங்குங்கள். அன்று செய்ததை மறுநாள் காலையில் புதிய கண்ணோடு பார்த்துத் திருத்துவது இன்னும் நல்லது.

கடைசித் திருத்தங்களைக் கிம்ப் போன்ற படத்தொகுப்பு மென்பொருளில் செய்யலாம். இங்கே திசையைச் சரிபார்க்க மறக்கக் கூடாது. ஆடித் தொலைநோக்கி உருவத்தைத் தலைகீழாகத் திருப்புகிறது. அதை 180 பாகை சுழற்றினால் போதும். லென்ஸ் தொலைநோக்கியில் ஐபீஸுக்கு முன் உள்ள சாய்வாடி இடவலம் மாற்றிவிடுவதால், அந்தப் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்ட வேண்டும். வடக்கு மேலே இருக்கும் சரியான படத்தில், தனித்து நிற்கும் முட்டை வடிவக் கருந்திட்டான நெருக்கடிக் கடல் வலப்பக்க மேல்பகுதியில் இருக்கும். வண்ணச் செறிவைச் சிறிது சிறிதாகப் பல முறை கூட்டிப் பார்ப்பதும் சுவையான சோதனை. டைட்டேனியம் மிகுந்த பாறைக்குழம்பு பரவிய அமைதிக் கடல் நீலச் சாயலும், அதை அடுத்த பகுதிகள் செம்மண் சாயலும் காட்டும். இவை மெய்யான வேறுபாடுகள், மிகைப்படுத்தப்பட்டவை மட்டுமே.

சந்திரயான்-3 இறங்கிய இடத்தைப் படமெடுக்க முடியுமா என்று பலரும் கேட்பதுண்டு. விக்ரம் தரையிறங்கி ஏறத்தாழ 2 மீட்டர் அகலமே உடையது. பூமியிலுள்ள எந்தத் தொலைநோக்கியிலும் அதைப் பிரித்துக் காண இயலாது. ஆனால் அது 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய வட்டாரத்தைப் படமெடுக்கலாம். நிலவின் தெற்கே ஏறக்குறைய 69 பாகையில், மான்சீனஸ் என்ற பெரிய கிண்ணக்குழியின் அண்டையில் அது உள்ளது. தென்விளிம்பை ஒட்டியிருப்பதால் அங்குள்ள வட்டங்கள் எல்லாம் ஒடுங்கிய நீள்வட்டங்களாகத் தெரியும். நிலவு நம்மை நோக்கி மெல்லத் தலையசைக்கும் அலைவினால் காலப்போக்கில் அதன் பரப்பில் 59 விழுக்காடு வரை நமக்குக் காணக் கிடைக்கிறது. தென்முனை நம் பக்கம் சாயும் மாதமாகப் பார்த்து, பஞ்சமி, சஷ்டி நாட்களில் முயன்றால் மான்சீனஸை நன்றாகப் பிடிக்கலாம்.

கோள்கள்

நிலவில் கற்ற காணொளி முறை கோள்களுக்கும் அப்படியே பொருந்தும், இரண்டு வேறுபாடுகளோடு. முதலாவது, உருவம் மிகச் சிறியது. வியாழன் நம்மை நெருங்கும்போதுகூட 50 ஆர்க்செகண்டைத் தாண்டுவது அரிது, நிலவோ 1800 ஆர்க்செகண்ட். எனவே பார்லோ கட்டாயம். கேமரா உணரியின் புள்ளி (பிக்சல்) அளவை மைக்ரானில் எடுத்து நான்கு அல்லது ஐந்தால் பெருக்கினால் பொருத்தமான எஃப் எண் வரும், 3.75 மைக்ரான் கேமராவுக்கு எஃப் 16 நன்கு பொருந்தும், அதைவிடப் பெருக்குவது மங்கலைப் பெருக்குவதாகவே முடியும். இரண்டாவது, வியாழன் தன்னைத்தானே 10 மணி நேரத்துக்குள் சுற்றிவிடுவதால் காணொளி இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் நீளக் கூடாது. பட்டைகளுக்கு வெளிச்சத்தை அமைத்தால் நான்கு பெரிய துணைக்கோள்களும் மறையும். அவற்றுக்கெனத் தனிக் காணொளி எடுத்துப் பின்னர் இணைப்பது வழக்கம். சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பாகத் திரும்பி, அதன்பின் ஆண்டுக்காண்டு விரிந்து வருகிறது.

நட்சத்திரங்களும் நெபுலாக்களும்

நிலவையும் கோள்களையும் விட்டு விண்மீன் கூட்டங்களுக்குப் போகும்போது கணக்கு முழுவதும் மாறுகிறது. இங்கே ஒளி குறைவு. திறப்பு நேரத்தை நீட்ட வேண்டும். ஆனால் வானம் நொடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது. 900 மி.மீ. குவியத் தூரமும் 4 மைக்ரான் புள்ளியும் கொண்ட அமைப்பில் ஒரே நொடியில் விண்மீன் 16 புள்ளிகள் தாண்டிக் கோடாகிவிடும். மோட்டார் இல்லாத தொலைநோக்கியில் இதற்கு முழுத் தீர்வு கிடையாது. ஆயினும் முயன்று பார்க்க இரண்டு மூன்று பொருள்கள் உண்டு. மார்கழி முதல் பங்குனி வரை ஓரியன் நெபுலாவைக் கைப்பேசியோடு 25 மி.மீ. ஐபீஸில், ஐ.எஸ்.ஓ. 1600 அல்லது 3200இல், கால் நொடி முதல் அரை நொடி வரையிலான படங்களாக நூற்றுக்கணக்கில் எடுத்து, டீப்ஸ்கை ஸ்டேக்கர் அல்லது சிரில் மென்பொருளில் அடுக்கினால், சிறகு விரித்த வாயுமேகத்தின் வடிவம் வெளிவரும். கார்த்திகைக் கூட்டம் குறைந்த உருப்பெருக்கத்தில் அழகாக அடங்கும்.

நீண்ட திறப்புக்குப் பூமியின் அச்சோடு இணைத்து நிறுத்தப்பட்ட, மோட்டார் பூட்டிய ஈக்குவடோரியல் தாங்கி வேண்டும். அதை அமைக்கச் சொல்லும் வழிகாட்டிகள் எல்லாம் ‘துருவ நட்சத்திரத்தை நோக்குக’ என்று தொடங்கும். நம் ஊர்களில் அது எளிதன்று. துருவ நட்சத்திரத்தின் உயரம் அந்த ஊரின் அட்சரேகைக்கு ஏறக்குறைய சமம் என்பதால், சென்னையில் அது 13 பாகை, யாழ்ப்பாணத்தில் 10 பாகைக்கும் சற்றுக் குறைவு, கன்னியாகுமரியில் வெறும் 8 பாகை உயரத்தில்தான் நிற்கும். ஒரு தென்னையோ பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ அதை மறைத்துவிடும். அப்போது தாங்கியைச் சமதளத்தில் வைத்து, அச்சின் சாய்வை ஊரின் அட்சரேகைக்கு அமைத்து, திசைகாட்டியால் வடக்கை நோக்கி நிறுத்தியபின், நகர்வு முறையால் திருத்த வேண்டும். தெற்கே உச்சிக்கோட்டில், வான நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஒரு விண்மீனை ஐபீஸின் நடுவே வைத்து மோட்டாரை ஓடவிடுங்கள். விண்மீன் மெல்லத் தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது; வடக்கே நகர்ந்தால் மேற்கே விலகியிருக்கிறது. அதைத் திருத்தியபின் கிழக்கு வானில் தாழ்வாக உள்ள விண்மீன் ஒன்றைப் பாருங்கள்: தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நகர்ந்தால் உயர்ந்திருக்கிறது. பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் ஒரு முறை முடித்து, தாங்கிக் கால்கள் நிற்கும் மூன்று இடங்களையும் தரையில் பெயிண்ட்டால் குறித்துவைத்தால் அடுத்த இரவுகளில் பெருமளவு நேரம் மிஞ்சும்.

வடதுருவம் இவ்வளவு தாழ்ந்திருப்பதன் மறுபக்கம், தெற்கு வானம் நமக்குத் தாராளமாகத் திறந்திருக்கிறது. வானின் மிகப் பெரிய உருண்டை விண்மீன் கொத்தான ஒமேகா சென்டாரி சென்னையில் ஏறத்தாழ 30 பாகை உயரம் வரை எழும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது உதிப்பதே இல்லை. மே மாத நடுவில் இரவு பத்து மணியளவில் அது தெற்கு உச்சிக்கோட்டில் நிற்கும். இதற்கு நகர வெளிச்சம் பகை. ஏலகிரி, ஜவ்வாது மலைப்பக்கம் அமாவாசையை ஒட்டிச் செல்லும் வாய்ப்புள்ளவர்கள், மோட்டார் தாங்கியோடு 20 முதல் 30 நொடிப் படங்களாக எடுத்து அடுக்கலாம்.

கிரகணம்

முழுச் சந்திர கிரகணத்துக்கு முன்கூட்டியே திட்டமிட வேண்டும். நம் நாட்டில் தொடக்கம் முதல் முடிவு வரை வசதியான நேரத்தில் தெரியவிருக்கும் ஒன்று 2028 டிசம்பர் 31 இரவு நிகழ்கிறது. அதன் உச்சம் இந்திய நேரப்படி இரவு 10:20 மணியை ஒட்டி வரும். நிழல் படிந்த செந்நிற நிலவு, முழு நிலவைவிடப் பல்லாயிரம் மடங்கு மங்கலானது; எஃப் 8இல் ஐ.எஸ்.ஓ. 1600 வைத்தாலும் ஒன்று முதல் நான்கு நொடி வரை திறப்பு தேவைப்படலாம். மோட்டார் உள்ளவர்கள் அதை நிலவின் வேகத்துக்கு அமைத்துக்கொள்ளட்டும். இல்லாதவர்கள் தொலைநோக்கியை விட்டுவிட்டு, 200 மி.மீ. லென்ஸும் முக்காலியும் கொண்டு ஒரு நொடிக்குள் எடுப்பதே அறிவுடைமை. பகுதிக் கிரகண நேரத்தில் ஒளிரும் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் ஒரே திறப்பு பொருந்தாது என்பதால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குறுந்திறப்பு ஒன்றும் நெடுந்திறப்பு ஒன்றுமாக எடுத்துவைக்க வேண்டும். மின்கலங்கள் இரண்டு இருக்கட்டும். மழைக்காலத்தின் வால்பகுதி என்பதால் உறையும் ஒரு பிளாஸ்டிக் தாளும் பக்கத்திலேயே இருக்கட்டும். வேலை முடிந்தபின், ஈரம் உலராமல் எதையும் பெட்டியில் அடைக்கக் கூடாது. கருவிகளை அறையில் மூடியில்லாமல் விடியும்வரை வைத்திருந்து, பின் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடினால், நம் கடலோரக் காற்றில் லென்ஸ்களைப் பற்றும் பூஞ்சணத்தைத் தடுக்கலாம்.